டெக்சஸ் அரசு எதிர் ஒரு வெள்ளை வண்டி

ஆஸ்டினில் எங்கள் கட்டடத்துக்கு
வாசல் ஒன்று, லிஃப்ட் ஒன்று,
காப்பி இயந்திரம் ஒன்று, அதுவும் பழுது.
உச்ச நீதிமன்றம் மட்டும் இரண்டு.

உரிமையியலுக்கு ஒன்பது பேர்,
குற்றவியலுக்கு ஒன்பது பேர்.
இவர்கள் எழுதியதை அவர்கள் அடிக்க முடியாது,
அவர்கள் எழுதியதை இவர்கள்.

நான் கோப்பு வண்டி தள்ளுகிறவள்.
நிலம், கடன், மணமுறிவு, எண்ணெய்க் கிணறு
இடத்தட்டில்.
கொலை, களவு, கஞ்சா
வலத்தட்டில்.
பதினாறு வயதுப் பையன் திருடினால் இடத்தட்டு.
பதினேழாவது பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டுத் திருடினால்
வலத்தட்டு.
இதைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.
பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன்,
எவாரிஸ்டோ கன்ட்டூ வரும்வரை.

ஈகிள் பாஸ்காரர். ஆட்டுத் தீவனம் ஏற்றி விற்கிறவர்.
ஒரு நவம்பர் இரவு
பின்விளக்கு எரியவில்லை என்று
ஷெரீஃபின் ஆள் நிறுத்தினார்.
எரிந்தது என்கிறார் இவர்.
கேட்காமலே பின்கதவு திறந்தது,
மூட்டைகளுக்கு அடியில்
மைத்துனனின் சிப்பம் ஒன்று.

ஒரே சாலை, ஒரே டார்ச் வெளிச்சம்.
வழக்கு மட்டும் பிரசவ அறையிலேயே
இரண்டாகப் பிறந்தது:
அரசு எதிர் எவாரிஸ்டோ கன்ட்டூ,
அரசு எதிர் ஒரு வெள்ளை செவர்லே பிக்கப்.

சிரிக்காதீர்கள்.
வண்டியும் எதிர்வாதிதான்.
தனக்கு வக்கீல் வைக்கப் பசுவை விற்றார்,
வண்டிக்கு வக்கீல் வைக்க
மீதிப் பசுவை.

ஆறு வருடம் இரண்டும் ஏறி ஏறி
என் தட்டுகளுக்கு வந்து சேர்ந்தன,
முழங்கை இடிக்கும் தூரத்தில்,
ஒன்றையொன்று தெரியாத மாதிரி.

குற்றவியலார் தீர்ப்புச் சொல்வது புதன்கிழமை:
அந்தச் சோதனை முறையற்றது,
அதில் கிடைத்ததைக் கண்ணால் பார்க்காதே,
மனிதரை விடு.

உரிமையியலார் வெள்ளிக்கிழமை:
சோதனை எப்படி நடந்தால் என்ன,
சிப்பத்தைச் சுமந்தது இந்த வண்டிதானே,
வண்டி அரசுக்கு.

நடுவே ஒரு வியாழக்கிழமை.
அன்று ஒருநாள் முழுக்க
அந்த நவம்பர் இரவு நடக்கவேயில்லை.

நீதிபதி ஆஸ்ட்ராண்டரும் நீதிபதி லுடெக்கும்
அன்று லிஃப்டில் என்னோடுதான் இறங்கினார்கள்.
பெக்கான் மரத்தில் பூச்சி என்றார் இவர்.
வேப்பெண்ணெய் அடியுங்கள் என்றார் அவர்.
இருவரும் நல்லவர்கள்.
அவரவர் சட்டத்தை வரி விடாமல் படிப்பவர்கள்.
வண்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
அதிகார எல்லை
லிஃப்டுக்குள்ளும் ஓடுகிறது போலும்.

வெள்ளி மதியம் அவர் பேருந்தில் வந்தார்.
வேறெப்படி வருவார்?
தொப்பியைக் கையில் பிடித்தபடி
“இதுக்கு மேலே எங்கே போகணும்?” என்றார்.

மேலே மொட்டைமாடி.
வாஷிங்டன் இருக்கிறது என்று சொல்லலாம்.
தீவன வண்டி ஒன்றுக்காக
அவ்வளவு தூரம் யார் போகிறார்கள்?
மூன்றாவது பசுவும் இல்லை.

“அப்படின்னா வண்டியோட படம் ஒண்ணு கொடுங்க.”

படம் இருந்தது, இரண்டு கோப்பிலும் அதே படம்.
பக்கத்துக்கு ஒரு டாலர்.
படிவத்தில் ஒரு கட்டம்:
எந்த நீதிமன்றக் கோப்பிலிருந்து?

வலத்தட்டில் இருந்தது வண்ணப் படம்.
இடப்பக்கத்துப் பின்விளக்கு
ஒரு பொட்டு சிவப்பாக, தெளிவாக
எரிந்துகொண்டிருந்தது.
இடத்தட்டில் இருந்தது நகலின் நகல்.
கறுப்பு வெள்ளை.

இரண்டையும் எடுத்து வைத்தேன்.
சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.
கோப்பு தள்ளுகிறவள் யோசனை சொல்லக்கூடாது,
விதி.

அவர் பேனாவைக் கட்டத்தின் மேல் பிடித்தபடி
வெகுநேரம் நின்றார்.
“ஒண்ணுல என்னை விட்டுட்டாங்க.
வண்டி எதுல இருக்கோ
அதுலேர்ந்து கொடுங்க.”

கொடுத்தேன்.
வாசலில் நின்று வெயிலுக்கு நேரே
படத்தைத் தூக்கிப் பார்த்தார்.
அதில்
விளக்கு எரிகிறதா இல்லையா
சொல்ல முடியாது.